யார் செய்தது, எந்த ஊர், எந்தக் காலம்?

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையத்தில் கிடைக்கும் சுவையான படங்கள், பாடல்கள், பழைய விளம்பரங்கள் போன்றவற்றை வகுப்பறைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஆசிரியர் குழுக்களில் இந்த வேலை ஏற்கெனவே அமோகமாக நடந்துகொண்டிருக்கிறது. காலை வணக்கப் படங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து அதிசயங்களாவது வந்து விழுகின்றன. யாரோ ஒருவர் பாய் நெய்கிறார், யாரோ ஒருவர் கல்தூணைத் தட்டுகிறார், எங்கோ கிடைத்த பழைய தீப்பெட்டிப் படம் ஒன்று வருகிறது. பார்க்கிறோம், கட்டைவிரலை உயர்த்துகிறோம், அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறோம். இதில் எனக்கு ஒரே ஒரு குறைதான். வருகிற பத்தில் எட்டுக்குப் பெயர் கிடையாது. யார் செய்தது, எந்த ஊர், எந்தக் காலம் என்று ஒரு வரி இருக்காது. 'அருமை', 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்ற இரண்டில் ஒன்று மட்டும் தவறாமல் இருக்கும்.

பெயரில்லாமல் வரும் இந்தப் பொருள்களில் பல நம் தாமிரபரணிக் கரையிலும் அதைச் சுற்றியுள்ள கரிசல் பகுதியிலும் பிறந்தவை. பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர்கள். அது நமக்கே தெரியாமல் போவதுதான் என்னை உறுத்துகிறது.

முதலில் பாய். பத்தமடைப் பட்டுப் பாயின் படங்கள் வடிவமைப்பு ஆர்வலர்களிடையே சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆற்றோரக் கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மறுபடி காயவைத்து, இன்னும் மெல்லியதாகக் கீறி, பருத்தி நூல் பாவில் ஊடையாகக் கொடுத்து நெய்கிறார்கள். நல்ல பாய் துணிபோல் மடியும். 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கல்யாணப் பாய்களில் மணமக்கள் பெயரையும் திருமணத் தேதியையும் சேர்த்தே நெய்வது அங்குள்ள வழக்கம். பெண் பெயர் இருக்கும், மாப்பிள்ளை பெயர் இருக்கும், நாள் இருக்கும். நெய்தவர் பெயர் மட்டும் இருக்காது. பெரும்பாலும் அவர் லெப்பைக் குடும்பத்துப் பெண்ணாக இருப்பார். பத்தமடை, சேரன்மகாதேவி வட்டாரத்தில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். உங்கள் வகுப்பிலேயே பாய் நெய்யும் வீட்டுப் பிள்ளை இருக்கக்கூடும். அந்தப் படத்தை 'இந்தியக் கைவினை அற்புதம்' என்று பொதுவாகத் திரையில் போட்டால், அந்தப் பிள்ளைக்கு அது யாரோ செய்தது ஆகிவிடும்.

அடுத்தது தூண்கள், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களின் காணொளிகளைப் பார்க்காதவர் இங்கே இருக்க முடியாது. நடுவில் ஒரு பெரிய தூண், சுற்றிலும் சிறு தூண்கள், எல்லாம் ஒரே கல்லில் குடைந்தவை. காணொளிக்குக் கீழே 'உள்ளே வெற்றிடம், அதனால்தான் ஒலி' என்று எழுதியிருப்பார்கள். இதே பேச்சு ஹம்பி விட்டலர் கோயில் தூண்கள் பற்றியும் உண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் ஹம்பித் தூண்களைக் கருவிகள் கொண்டு ஆராய்ந்து, அவை உள்ளும் கல்லாகவே உள்ள கெட்டித் தூண்கள் என்றும், வளைந்து அதிர்வதால் ஒலி எழுகிறது என்றும் கண்டறிந்து 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். வளைந்து அதிரும்போது நீளம் குறைந்தாலும் பருமன் கூடினாலும் சுருதி ஏறும். இதைக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தூணைத் தட்டச் சொல்ல வேண்டாம். ஏற்கெனவே தட்டித் தட்டித் தேய்ந்துபோன கல் அது. ஓர் அடி இரும்பு அளவுகோலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டும் நீளத்தை மாற்றி மாற்றிச் சுண்டினால் போதும்.

இனி, நான் அதிகம் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். தீப்பெட்டிப் படம்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இது புதிதில்லை. நாம் பொறுக்கிச் சேர்த்து, அடுக்கி, விளையாடித் தோற்றவைதாம். இன்று வெளிநாடுகளில் இதைச் சேகரிப்பவர்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போடுகிறார்கள். புலி, மயில், சாவி, ரயில் எஞ்சின், நடிகர் முகம் என்று என்ன கேட்டாலும் இருக்கிறது. அவற்றில் பெரும் பங்கு சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிச் சரக்கு. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்ப, 1923 முதல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்குப் படம் வேண்டும், படத்துக்கு அச்சகம் வேண்டும், அச்சகம் வந்தபின் காலண்டர் வந்தது. ஒன்றைத் தொட்டு ஒன்றாக அந்த ஊரே வளர்ந்தது.

இந்தப் படம் ஒன்றை எட்டாம் வகுப்பில் திரையில் போட்டு, 'இது எப்போது அச்சிட்டது?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அழகாக இருக்கிறதா, பிடித்திருக்கிறதா என்றெல்லாம் கேட்க வேண்டாம். காலத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும், பிள்ளைகள் துப்பறிவாளர்களாக மாறிவிடுவார்கள்.

அவர்களுக்கு நாம் நாலைந்து சாவிகளைக் கொடுக்கலாம். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்தது. முகவரியில் 6 இலக்க எண் இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. கோவில்பட்டி முகவரியில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்றிருக்கிறதா? 1986 அக்டோபரில் தூத்துக்குடியைத் தலைநகராகக் கொண்டு புது மாவட்டம் பிரிந்தது, அதற்கு முன்பு என்று ஊகிக்கலாம். சிவகாசி முகவரியில் 'இராமநாதபுரம் மாவட்டம்' என்றிருந்தால் 1985க்கு முன்பு. தென்காசி 2019இல் தனி மாவட்டமானதைப் பிள்ளைகளே கண்ணால் பார்த்திருப்பதால், மாவட்டப் பெயர் மாறும் என்பதை அவர்களுக்கு விளக்கவே வேண்டாம். விலை அச்சிட்டிருந்தால் இன்னும் எளிது. 2007இல் தீப்பெட்டி 50 காசிலிருந்து 1 ரூபாயானது. 14 ஆண்டு அசையாமல் நின்றுவிட்டு 2021 டிசம்பரில் 2 ரூபாயானது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சாவி எழுத்துதான். 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் அதற்கு முன்பு எழுத்தின் தலையில் யானைத் தும்பிக்கைபோல் ஒரு வளைவோடு அச்சாகும். ணா, றா, னா மூன்றும் தனிக் கால் இல்லாமல் எழுத்தோடு சேர்ந்தே சுருண்டு நிற்கும். இவற்றோடு ஒகர ஓகார வரிசையில் ஆறு. மொத்தம் 13 எழுத்துகள். இந்தப் பதின்மூன்றையும் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டால் போதும், பிள்ளைகள் கடைப் பலகை, கோயில் கல்வெட்டு, தாத்தா வீட்டு அலமாரி என்று ஒன்றையும் விடமாட்டார்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் தன் தாத்தாவின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தான். தேதியிருந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது. தும்பிக்கை லையைக் காட்டி, '78க்கு முன்னாடிதான் சார்' என்று அடித்துச் சொன்னான். பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, 'அச்சாபீஸ்ல பழைய எழுத்து மிச்சம் கெடந்தா 80லயும் அடிச்சிருப்பாங்கல்லா சார்?' என்றாள். சிறிய அச்சகக்காரர் ஈய எழுத்துகளை ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிட மாட்டார் என்பது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. வரலாற்று ஆய்வாளர் கேட்கும் கேள்வி அது. பழைய அடையாளம் இருப்பதை மட்டும் வைத்துப் பழையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மறுபக்கமும் உண்டு. பெரியார் தம் 'குடி அரசு' இதழில் 1935இலேயே அந்தச் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். ஆகவே புது லை இருந்தால் 1978க்குப் பின்புதான் என்றும் சாதிக்க முடியாது. அஞ்சல் எண் சாவி திறக்கிற அளவுக்கு எழுத்துச் சாவி திறக்காது. எந்தச் சான்று எவ்வளவு தூரம் தாங்கும் என்று அன்று ஒரு பாடவேளை முழுக்க விவாதம் நடந்தது. நான் ஓரமாக நின்றுகொண்டேன். (குடும்பப் பத்திரிகைகளைக் குழுவில் பகிராதீர்கள். வகுப்பில் பார்த்துவிட்டுப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவதே சரி.)

தீப்பெட்டியிலிருந்து காலண்டருக்கு வருவோம். நம் வீட்டுப் பூசையறைகளில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பழைய லட்சுமி, மீனாட்சி கல்யாணம், முருகன் படங்களின் அடி மூலையைப் பாருங்கள். சட்டத்துக்குள் மறையாமல் தப்பியிருந்தால், பலவற்றில் சி. கொண்டையராஜு என்ற பெயரைக் காணலாம். 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் குழுவுக்குத் திரை வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் கோவில்பட்டியில் நிலைத்தார். 1976இல் மறைந்தார். கோவில்பட்டி அப்போது நம் மாவட்டம்தான். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற ஓவியர்கள் அவரிடம் பயின்றவர்கள். சீடர் சேர்ந்து வரைந்த படத்தில் தம் பெயருக்குப் பக்கத்தில் சீடர் பெயரையும் போட்டவர் அவர். தென்னிந்திய வீடுகளுக்குள் இவ்வளவு தூரம் நுழைந்த ஓவியர் வேறு யார் என்று யோசித்தால் எனக்குச் சட்டென்று பெயர் வரவில்லை. கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற ஆய்வாளர் இவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கோ ரவிவர்மா பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் தெரியாது.

இப்போது அந்தப் படங்கள் கைப்பேசியில் சுற்றும்போது என்ன நடக்கிறது? படத்தைச் சதுரமாக வெட்டுகிறார்கள். அடி மூலை போய்விடுகிறது. அந்த இடத்தில் வெள்ளிக்கிழமை வாழ்த்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. சீடர் பெயரைக்கூட விடாமல் எழுதிய மனிதருடைய பெயரே ஒரு விரல் அசைவில் போய்விடுகிறது.

வெட்டுப்பட்ட படத்தின் முழு வடிவத்தைத் தேட வழி இருக்கிறது. ஹை-டெக் லேப் கணினியிலேயே செய்யலாம். படத்தைக் கூகுள் லென்ஸில் கொடுத்தால் அதே படத்தின் வேறு பதிப்புகள் வரும். அவற்றில் மூலை வெட்டுப்படாத ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய இதழ்களில் வந்த விளம்பரம் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தேடலாம். உங்கள் தேடல் தோற்றுப்போகிற நாள்களும் இருக்கும். அப்போது 'வரைந்தவர்: தெரியவில்லை' என்று எழுதிப் பகிருங்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு, தெரிந்த யாராவது ஒருவர் பதில் போடக்கூடும். பெயரே கேட்காத படத்துக்கு யாரும் பதில் போடுவதில்லை.

இது புதிய பழக்கம் ஒன்றுமில்லை. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி நம் பக்கம் வந்திருக்கிறார். திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று கவிராயர்கள் வீடு வீடாகத் தேடியிருக்கிறார். ஆழ்வார்திருநகரியில் அவருக்குப் பத்துப்பாட்டு ஏடு கிடைத்தது. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அவர் பதிப்புகளின் முகவுரையைத் திருப்பிப் பாருங்கள். எந்த ஊர், எவர் வீட்டு ஏடு, அது எந்த நிலையில் இருந்தது என்று வரிசையாகக் குறித்திருப்பார். அவர் கையில் கிடைத்ததும் 'பகிரப்பட்ட' பொருள்தானே? கொடுத்தவர் பெயரை அவர் விட்டுவிடவில்லை.

கடைசியாக இசை. கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே ஊரில் இன்னொரு கலைஞரும் வாழ்ந்தார். காருகுறிச்சி அருணாசலம். பிறந்தது 1921இல், சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில், மண்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற காருகுறிச்சியில். நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1964இல் காலமானார், நாற்பதுகளின் தொடக்கத்தில்தான்.

1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில், எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில், எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாதஸ்வரம் சேர்ந்து வரும் ஆபேரி ராகப் பாடல் ஒன்று இருக்கிறது. எந்தப் பாடல் என்று சொல்லத் தேவையில்லை, அரங்கில் ஏற்கெனவே நாலைந்து பேர் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டீர்கள். யூடியூபில் அது பல பதிவுகளாகக் கிடைக்கிறது. திரையில் நாதஸ்வரத்தோடு தெரிபவர் ஜெமினி கணேசன். பாடுவதுபோல் தெரிபவர் சாவித்திரி. பதிவுகளின் தலைப்பில் பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்கள்தாம் முந்திக்கொண்டு நிற்கும். உண்மையில் ஊதியவர் அந்தக் காட்சியில் இல்லை.

இதை வகுப்பில் எப்படிச் செய்யலாம் என்று சொல்கிறேன். நாலாம் வகுப்புக்கும் பொருந்தும், பத்தாம் வகுப்புக்கும் பொருந்தும். முதல் முறை படத்தைக் காட்டாதீர்கள். ஸ்மார்ட் போர்டு திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் விடுங்கள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ளட்டும். குரல் கேட்டால் வலக்கை, நாதஸ்வரம் கேட்டால் இடக்கை தூக்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் எல்லாம் சரியாகப் போகும். ஸ்வரங்கள் வரும் இடத்தில் குரல் ஒன்றைச் சொல்ல, நாதஸ்வரம் அதையே திருப்பிச் சொல்லும். இடைவெளி குறையக் குறையப் பிள்ளைகளின் கைகள் தடுமாறும். வகுப்பு முழுக்கச் சிரிப்பாக இருக்கும். ஒரு கட்டத்தில் எது குரல், எது குழல் என்று பெரியவர்களுக்கே தடுமாறும்.

இரண்டாம் முறை படத்தோடு போடுங்கள். முடிந்ததும், 'நாதஸ்வரம் வாசித்தது யார்?' என்று கேளுங்கள். எல்லாரும் திரையில் பார்த்தவரைத்தான் சொல்வார்கள். அப்போது சொல்லுங்கள், வாசித்தவர் இவரில்லை, அவர் ஊர் காருகுறிச்சி என்று. வரைபடத்தில் ஊரைத் தேடச் சொல்லுங்கள். திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் ரயில் பாதையில் நிலையத்தின் பெயரே வரும். கண்ணால் பார்த்ததையும் விசாரிக்க வேண்டும் என்று நாம் எத்தனை முறை அறிவுரை சொன்னாலும் ஏறாதது, இந்த ஒரு பாட்டில் ஏறிவிடுகிறது. போலிக் காணொளிகள் பெருகிவிட்ட காலத்தில் இந்தப் பயிற்சியைத் தனிப் பாடமாகவே வைக்கலாம் என்பது என் கட்சி.

நேரம் ஆகிறது. ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். பழைய விளம்பரம், இசைத்தட்டின் உறை, கடைப்பை, காலண்டர், கேட்டு மறந்த வில்லுப்பாட்டு ஒலிப்பதிவு, எது வேண்டுமானாலும் இருக்கட்டும். அதன்கீழே நான்கு வரிகள்: யார், எந்த ஊர், எந்தக் காலம், அது நமக்கு எப்படித் தெரியும். நான்காவது வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 'வாட்ஸ்அப்பில் வந்தது' என்பதை நான்காவது வரியாக ஏற்கமாட்டோம். பிள்ளைகள் கண்டுபிடித்தது என்றால் 'எட்டாம் வகுப்பு மாணவர்கள் கண்டுபிடித்தது' என்று குறிப்பிடுங்கள், அவர்கள் முகம் தெரியும் படங்கள் வேண்டாம்.

இப்போது அந்தப் பாட்டைக் கேட்போம். திரையை அணைத்துவிடுங்கள், ஒலி மட்டும் போதும். வலக்கை குரலுக்கு, இடக்கை நாதஸ்வரத்துக்கு. தலைமையாசிரியர்களுக்கும் விலக்கு இல்லை.